பென்டிரைவ் பஸ்ஸில் போன வாரம்

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்றால், எழுத்தைத் தடிமனாக்குவது எப்படி, சாய்ப்பது எப்படி, தாளின் நடுவே கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். கல்யாணம் நிச்சயமான பெண்களும் வேலை நிச்சயமாகாத ஆண்களும் வந்து படித்தார்கள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் என் புகழ் என் அறிவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

அக்காவைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், உள்ளறையில் சின்னதாக ஓர் அச்சு மிஷின், சுவர் முழுக்க மாதிரிப் பத்திரிகைகள். மாமா தமிழ் டைப் அடித்தால் ஓட்டு மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். வாசலில் போகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் தாத்தா பெயர் வரைக்கும் அடித்து முடித்துவிடுவார்.

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"யம்மா, சிஸ்டம் படுத்துகிச்சி."

"என்ன மாமா ஆச்சு?"

"இன்னா ஆச்சுன்னே தெரில. பூஜையப்போ பொட்டு வச்சி, பொரி வச்சி, கற்பூரம் காட்டினப்போ நல்லாத்தான் இருந்துச்சி. இன்னிக்கி ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல ஒரு சின்ன கோடு கண்ணடிச்சிகினு இருக்குது. அதுக்கு மேல ஒண்ணும் காணோம்."

நான் சென்டரில் கேள்விப்பட்ட வார்த்தைகளை வைத்து, கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற ஓஎஸ் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னேன். ஓஎஸ் இருப்பது சி டிரைவில், பத்திரிகைகள் எல்லாம் தனியாக டி டிரைவில் இருந்ததால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அப்படியே கடைத்தெருவுல சர்வீஸ் பண்றவங்க யாரையாவது கூப்பிட்டுப் பாருங்களேன் மாமா."

"வீட்லயே டாக்டர வச்சிகினு வெளிய எதுக்கும்மா போவணும்?" என்றார். அத்துடன் அந்த வழி மூடிக்கொண்டது.

சிடி போட்டு ஓஎஸ் ஏற்றுவது எனக்குத் தெரியும். ஆனால் மாமாவின் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இருந்தும் இல்லாத கணக்குதான். யாருடைய மஞ்சள் நீராட்டு விழா சிடியோ ஒன்று எப்போதோ உள்ளே போய், வெளியே வர மறுத்துவிட்டது. ஆகவே பென்டிரைவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்பட்டதோடு சரி.

அவசரத்துக்குக் காரணம் திண்டிவனத்தை அடுத்த வல்லத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை, கரும்பு என்று சொந்த நிலத்தில் பயிர் செய்கிறவர். ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அவர் வீட்டில் பெரிய தகராறு நடந்து, பலமுறை கூடிப் பேசி, ஒருவழியாக ஒரு வரிசைக்கு எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசை மாமாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. தாளில் எடுத்துக்கொடுத்த ஒரே புரூஃபையும் பெண்ணின் அப்பாவுடைய மச்சான், எல்லோரும் ஒத்துக்கொள்வதற்கு முன்பே, கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டார்.

"வேற கடையில குடுத்தா மறுபடியும் முதல்லேர்ந்து சண்ட போடணும்ங்க. எங்களுக்கு தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் மாமா கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தினமும் வருவார். வரும்போது வேகவைத்த மல்லாட்டை ஒரு பை கொண்டுவருவார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே உரித்துச் சாப்பிடுவார்.

சென்டரில் ஓஎஸ் ஃபைல் இருந்தது. அதை என் சிவப்பு பென்டிரைவில் காப்பி செய்தேன். பழைய பத்திரிகைக் கவர் ஒன்றில் போட்டு ஒட்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திண்டிவனம் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன். எங்கள் பக்கம் அது சகஜம். மாத்திரை, சாவி, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகும்.

"இதுல இன்னா மேடம் இருக்குது?"

"பென்டிரைவ்ங்க. மேம்பாலத்துக்குக் கீழ எங்க மாமா வந்து வாங்கிப்பாரு."

"ஓகே மேடம்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமா வாங்கிக்கொண்டு போய்ச் சொருகினார். நான் போனில் இருந்தேன்.

"ஆன் பண்ண உடனே எஃப் பன்னிரண்டை அமுக்கணும் மாமா. ஜல்தியா அமுக்கணும். விட்டா போச்சு."

"அமுக்கிட்டேன்."

"எதுலேர்ந்து ஏத்தணும்னு கேட்டு ஒரு மெனு வந்துச்சா?"

"கோடு வந்துச்சி."

"எந்தக் கோடு?"

"அதே கோடுதான். கண்ணடிக்கிது."

டிலீட் சாவியை அமுக்கி செட்டிங்குக்குள் போகச் சொன்னேன். அது பாஸ்வேர்ட் கேட்டது. கம்ப்யூட்டரை விற்றவர் வைத்த பாஸ்வேர்ட். அவர் கடையை மூடிவிட்டு மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருந்தார். எனவே எஃப் பன்னிரண்டை விட்டால் வேறு கதி இல்லை. பின்னணியில் ஒரு குரல், "வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா கொஞ்சம் தள்ளிப் பாப்போமா தம்பி?" என்றது. பெண்ணின் அப்பா.

மறுநாள் சென்டரில் என்னோடு வேலை செய்த ஒருத்தியிடம் கேட்டேன். ஹார்டுவேர் வகுப்பு அவளுடையது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஃபைல அப்படியே காப்பி பண்ணி அனுப்பினியா? அதுலேர்ந்து சிஸ்டம் எப்படிக் கெளம்பும், எப்படி பூட் ஆவும்? அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குடி. அதை வச்சி எழுதணும்."

அப்பாடா, தப்பு தெரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே நிம்மதி. பென்டிரைவ் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. இந்த முறை அந்தச் சாஃப்ட்வேரை வைத்து முறையாக எழுதி, சென்டர் கம்ப்யூட்டர் ஒன்றில் சொருகிப் பார்த்தேன். அழகாக பூட் ஆனது. கவரில் போட்டு, மேலே குங்குமம் வைக்காத குறையாக, அதே கண்டக்டரிடம் கொடுத்தேன்.

அன்று மாலை மாமா போன் செய்தார். குரலில் குழப்பம்.

"எஃப் பன்னண்டு அமுக்கினேன். ஒண்ணும் வர்ல."

"நான் இங்க பூட் பண்ணிப் பாத்துட்டுத்தானே அனுப்பினேன்! பென்டிரைவ் கெட்டுப் போச்சான்னு பக்கத்து பிரவுசிங் சென்டர்ல சொருகிப் பாருங்க மாமா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன். இந்தத் தடவை போனில் முதலில் கேட்டது நாதஸ்வரம். அப்புறம் தவில்.

"மாமா, எங்க இருக்கீங்க? கல்யாணத்துக்கா போயிருக்கீங்க?"

"பிரவுசிங் சென்டர்லதாம்மா இருக்கேன். உன் பென்டிரைவ்லேர்ந்துதான் வருது."

"என் பென்டிரைவ்ல பாட்டே கிடையாது மாமா!"

"நூத்துக்கணக்குல இருக்குது. சாமி பாட்டு, கல்யாண பாட்டு, சோக பாட்டு எல்லாம் தனித்தனியா பிரிச்சி வச்சிருக்குது. ரொம்ப நீட்டா பண்ணியிருக்கான்மா எவனோ."

"நல்ல பாட்டுதான், அடுத்தத போடு" என்றது பெண்ணின் அப்பாவின் குரல்.

என்ன நடந்தது என்பது, மறுநாள் பென்டிரைவைத் திரும்ப வாங்கிக்கொள்ள பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது தெரிந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"மேடம், பாட்டு எப்டி?"

"அண்ணே, நீங்களா ஏத்தினீங்க?"

"ஆமா மேடம். விக்கிரவாண்டி தாண்டினதும் டிரைவர் சொன்னாரு, அந்தப் பென்டிரைவ்ல இன்னா பாட்டு இருக்குது, போட்டுப் பாக்கலாம்னு. பிளேயர்ல போட்டா ஒண்ணுமே இல்லன்னுது. எனக்கு மனசு கேக்கல. பாவம், அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி அனுப்பிகினு இருக்குது, காலியாவே போவுதே, எவனோ பாட்டு ஏத்தறேன்னு சொல்லி ஏமாத்திட்டான் போலன்னு நெனச்சேன். திண்டிவனத்துல நம்ம பிரெண்டு செல்போன் கடையில குடுத்து, சுத்தமா ஃபார்மெட் பண்ணி, புல்லா ஏத்தச் சொல்லி, திரும்பி வர்ற டிரிப்புல வாங்கி உங்க மாமாகிட்ட குடுத்தேன்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்லது செய்த ஒருவரிடம் என்ன சொல்ல முடியும்? "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்றேன். "சோகப் பாட்டு கொஞ்சம் கம்மியா இருக்கும், அடுத்த வாட்டி போட்டுத் தரேன்" என்றார்.

அதற்கு மேல் பஸ்ஸை நம்ப எனக்குத் தைரியம் இல்லை. மறுபடியும் எழுதி, கைப்பையின் உள் பாக்கெட்டில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் நானே கிளம்பினேன். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை வாசம் வந்தபோது பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். மயிலத்தில் ஏறிய ஒரு குடும்பம் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது மறுபடி தொட்டுப் பார்த்தேன். அந்த அம்மா, என்னிடம் நகை இருக்கிறது என்று நினைத்து, "ஜாக்கிரதையா வச்சிக்கோம்மா, காலம் கெட்டுக் கெடக்குது" என்றார்.

கடைக்குப் போனால் ஒரு சின்னக் கூட்டமே இருந்தது. மாமா, அக்கா, பெண்ணின் அப்பா. அவரோடு ஒல்லியாக, மீசை பெரிதாக இன்னொருவர். புரூஃபைக் கிழித்த மச்சான் அவர்தானாம். வரிசை மாறாமல் வருகிறதா என்று நேரில் பார்க்க வந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றியதும் எல்லோரும் நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற மாதிரி இருந்தது.

சொருகினேன். ஆன் செய்தேன். எஃப் பன்னிரண்டை அமுக்கினேன்.

கோடு கண்ணடித்தது.

மறுபடியும் ஆஃப், மறுபடியும் ஆன். இந்த முறை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கோடு. பென்டிரைவைப் பின்பக்க ஓட்டையில் மாற்றினேன். கோடு. மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி சொருகினேன். கோடு. வெளியே வந்தபோது என் தலை முழுக்க மல்லாட்டைத் தோல்.

"கொஞ்சம் அழுத்தி அமுக்கு பாப்பா" என்றார் பெண்ணின் அப்பா.

"அழுத்தினா உடைஞ்சிடும்ங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

பென்டிரைவ் மேல் சந்தேகம் வந்து, பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே எஃப் பன்னிரண்டைத் தொட்டதுதான் தாமதம், மெனு வந்து, நீலத் திரை வந்து, 'இப்போது நிறுவவா?' என்று ஆசையாகக் கேட்டது. கடைக்காரர் பாய்ந்து வந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார். "யம்மா, உங்க மாமா சிஸ்டம் பேஜாரு பண்ணுதுன்னா அதோட நிறுத்திக்கோங்க. என்னோடத விட்டுடுங்க!" என்றார்.

ஆக, பென்டிரைவ் உத்தமம். திரும்பி வந்து மாமாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, செய்ய ஒன்றும் தோன்றாமல் கீபோர்டை வெறித்துப் பார்த்தேன். ரொம்பச் சுத்தமாக இருந்தது. பல வருட அச்சு மையும் விரல் அழுக்கும் போய், பளபளவென்று இருந்தது. ஸ்பேஸ் பாரின் நடுவில் சந்தனப் பொட்டு. அப்படியே பார்வை மேலே போனது. எஸ்கேப் சாவிக்கு அடுத்ததாக, எஃப் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், எஃப் இரண்டு இருந்தது. அதற்கு அடுத்து எஃப் நான்கு. அதற்கடுத்து ஆறு.

"அக்கா," என்றேன், "இந்தக் கீபோர்டை யாரு தொடச்சது?"

"நான்தான்டி. பூஜைக்கு. ஒவ்வொண்ணா கழட்டி, சோப்புத் தண்ணில ஊறப்போட்டு, மொட்டமாடில காய வச்சி மாட்டினேன். இவுரு கண்ணுக்கு அழுக்கு எங்க தெரியுது?"

"எந்தச் சாவி எங்க இருந்துச்சின்னு எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா தன் செல்போனை எடுத்து நீட்டினாள். ஆங்கில எழுத்து எல்லாமே சின்னச் சின்னப் பட்டனாக இருக்கும் போன் அது. "இதப் பாத்துத்தான் வச்சேன். ஒரு எழுத்து மாறல. பாத்துக்கோ."

"இந்த எஃப்?"

"அந்த எஃப் கும்பல்தான்டி போன்ல இல்ல. அப்புறம் யோசிச்சேன். நம்ம தெருவுல வீட்டு நம்பர் எப்படி போட்டிருக்குது? ரெட்டப்படை ஒரு பக்கம், ஒத்தப்படை ஒரு பக்கம். அதே மாதிரி வச்சேன்."

மாமா குனிந்து தன் கீபோர்டைப் பார்த்தார். அதை வாங்கிய பிறகு அவர் அதைப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். டைப் அடிக்கும்போது விரல் போகிற இடத்துக்குத்தான் போகும், சாவி மேல் என்ன எழுதியிருந்தால் அவருக்கென்ன? நான் சொன்னேன் என்பதற்காகத்தான் பாவம், எஃப் பன்னிரண்டு என்று எழுதியிருந்ததைத் தேடிக் கண்டுபிடித்து, வரிசையின் நடுவில் உண்மையில் எஃப் ஆறாக வேலை செய்த சாவியை அத்தனை நாளும் அமுக்கியிருக்கிறார். நானும் அதைத்தான் அமுக்கியிருந்தேன்.

"தப்பா ஏதாவது வச்சிட்டனா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. தபால்காரருக்கு வசதியா இருக்கும்" என்றேன்.

மாமா முதலில் சிரித்தார். அப்புறம் பெண்ணின் அப்பா. மச்சான் மட்டும் சிரிக்காமல், "வீட்டு நம்பர் அப்டித்தான போடணும்? நியாயந்தான?" என்று அக்கா பக்கம் நின்றார்.

பென்டிரைவைச் சொருகி, மறுபடி ஆன் செய்து, எஃப் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வரிசையின் கடைசிச் சாவியை அமுக்கினேன். அதன் மேல் எஃப் பதினொன்று என்று இருந்தது. மெனு வந்தது. பென்டிரைவின் பெயர் அதில் இரண்டாவதாக நின்றது. அம்புக்குறியை ஒன்று கீழே இறக்கி என்டரைத் தட்டினேன். கறுப்பு போய் நீலம் வந்தது. பெண்ணின் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எந்த டிரைவில் ஏற்றட்டும் என்று அது கேட்டபோது நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். டி டிரைவைத் தொட்டுவிட்டால் அந்தக் குடும்பம் மறுபடி முதலிலிருந்து சண்டை போட வேண்டும். மாமா, அக்கா, மச்சான் எல்லோரையும் பார்க்கச் சொல்லி, 'இது சி தானே, இது சி தானே' என்று கேட்டு, எல்லோரும் ஆமாம் என்ற பிறகே அமுக்கினேன். அதில் ஒருவருக்காவது சி எது, டி எது என்று தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சதவீதம் ஏற ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பதைத் தாண்டியதும் கரன்ட் போனது.

கரன்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத வருடங்கள் அவை. யுபிஎஸ் கீச்சு கீச்சு என்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி வயதானது. ரொம்ப நேரம் தாங்காது.

"மானிட்டரை ஆஃப் பண்ணுங்க மாமா! அதுதான் நெறைய இழுக்கும்."

மாமா ஆஃப் செய்தார். உள்ளே வேலை நடக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. கம்ப்யூட்டரின் உறுமல் மட்டும் கேட்டது. ஐந்து பெரியவர்கள் இருட்டுக் கடையில் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம். மச்சான் அதன் பக்கவாட்டில் காதையே வைத்துவிட்டார்.

"ஓடுதா?" என்றார் பெண்ணின் அப்பா கிசுகிசுப்பாக.

"ஓடுது."

"இன்னா சொல்லுது?"

"கொரகொரங்குது."

வாசலில் பத்திரிகை அடிக்க வந்த ஒரு தம்பதி எங்களைப் பார்த்துவிட்டு, துக்க வீடு என்று நினைத்தார்களோ என்னவோ, மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அக்கா அவர்கள் பின்னால் ஓடிக் கூப்பிட்டு வந்தாள். அவர்களும் எங்களோடு குந்தினார்கள்.

யுபிஎஸ் கத்துவது ஒரே நீளக் கத்தலாக மாறிய நேரத்தில் கரன்ட் வந்தது. மாமா மானிட்டரைப் போட்டார். தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. அந்த அறையில் எழுந்த சத்தத்துக்கு பிரவுசிங் சென்டர்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் கடைக்குத் திரும்பினார்.

புது ஓஎஸ் பச்சைப்பசேல் என்று ஒரு புல்வெளிப் படத்தோடு திறந்தது. டி டிரைவ் இருந்தது. கல்யாணப் பத்திரிகை ஃபைலும் இருந்தது. எல்லோரும் நெருங்கி வந்தார்கள். மாமா திறந்தார். பிள்ளையார் படம் வந்தது. அதற்குக் கீழே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் அடைப்புக்குறியுமாக, பூனை நடந்துபோன மாதிரி ஒரு பக்கம்.

மச்சான் உற்றுப் பார்த்தார். "இதுல என் பேரு எது?"

மாமா கொட்டாவி விட்டார். "தமிழ் எழுத்துக்கான ஃபான்ட் இன்னும் போடலம்மா. டி-ல ஒரு காப்பி வச்சிருக்கேன், இரு" என்று நாலு தட்டுத் தட்டினார். மறுபடி திறந்தார். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன், தாய்மாமன் என்று அத்தனை பேரும் அவரவர் இடத்தில் வந்து நின்றார்கள். மச்சான் விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்தார்.

"சரிதான்," என்றார். "அடிங்க."

கல்யாணம் வல்லத்துப் பக்கம் அவர்கள் ஊரிலேயே நடந்தது. போகாமல் இருக்க முடியாது, எங்களுக்குத்தான் முதல் பத்திரிகை வந்தது. பந்தலுக்குள் நுழைந்ததுமே பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து, சம்பந்தி வீட்டார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இந்தப் பொண்ணு இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல" என்றார். மாப்பிள்ளையின் அம்மா என்னை வேறு மாதிரி பார்த்தார். அதை விளக்க மாமாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தேன். வடையும் சோறும் வைத்துவிட்டுப் போனார்கள், சாம்பார் வருவதற்குள் மச்சான் வந்து குனிந்தார்.

"பாப்பா, நம்ம வூட்ல டிவி ஓடல. ஒரே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடேன்."

"டிவியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

"அதுவும் பொட்டிதான? காதை வச்சிக் கேட்டுட்டேன், ஒரு சத்தமும் வர்ல."

பக்கத்து இலையில் இருந்த மாமா சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே, "போயிட்டு வாம்மா, இலைய நான் பாத்துக்கறேன்" என்றார். எழுந்து போனேன். டிவியின் பிளக் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் கல்யாணத்துக்கு வந்திருந்த யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. போனைக் கழற்றி, பிளக்கைச் சொருகினேன். டிவி ஓடியது. மச்சான் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வேகமாகப் பந்திக்குத் திரும்பினேன். என் இலையில் வடை இல்லை.